செஞ்சோறும் கடவுச்சீட்டும்

2016 ஆகஸ்ட் 15. அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ரியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் இறுதி ஓட்டம். சாத்தாரா மாவட்டத்து லலிதா பாபர் அதில் ஓடினார். 1984இல் பி.டி. உஷாவுக்குப் பிறகு தனிநபர் ஓட்டப் போட்டியில் ஒலிம்பிக் இறுதிச்சுற்றுவரை வந்த இந்தியப் பெண் அவர். சுதந்திர தினம் வேறு. காலையில் கொடியேற்றிவிட்டுக் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய் இன்னும் தட்டில் கிடந்தது.

லலிதா பத்தாவதாக வந்தார். அதற்கு வெகுநேரம் முன்பே எங்கள் கண் வேறொருத்தியிடம் போய்விட்டது. மற்றவர்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு, பந்தயமே நடக்கவில்லை என்பதுபோல் அவள் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். ரூத் ஜெபெட், வயது 19. 8 நிமிடம் 59.75 விநாடியில் முடித்தாள். இரண்டாவதாக வந்தவர் கென்யாவின் ஹைவின் கியெங். ஜெபெட்டும் கென்யாவில் பிறந்தவள்தான். ஆனால் அவள் ஓடியது பஹ்ரைனுக்காக. அன்றைய கணக்கில் அந்த நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அடுத்த பன்னிரண்டாம் நாள் பாரீசில் உலக சாதனையையும் உடைத்தாள்.

வர்ணனையாளர் ‘கென்யாவில் பிறந்த’ என்று சொன்னதுமே சித்தப்பா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “காசுக்கு வெலபோனவ. இவ ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன?” என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். ஆனால் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது. அந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

கல்லூரியில் நான் 800 மீட்டர் ஓடியவள். முதலாண்டு படித்த கல்லூரியின் பி.டி. மாஸ்டர்தான் என்னைப் பள்ளி மைதானத்தில் பார்த்துப் பிடித்து வந்தவர். விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்தில் விசிலோடு நிற்பார். என் முதல் ஸ்பைக்ஸை அவர் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் ஆண்டில் அப்பா வேலை செய்த மில் மூடியது. அதே பல்கலைக்கழகத்தின் வேறொரு கல்லூரி, ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டலும் மெஸ்ஸும் இலவசம் என்றது. நான் போனேன். கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் புதுக் கல்லூரியின் பனியனோடு ஓடி இரண்டாவதாக வந்து, குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே மாஸ்டரின் குரல் கேட்டது. “சோத்துக்காக வெலபோனவ” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

முப்பது வருடமாகிறது. அவர் சொன்னது பொய்யா என்று இன்றைக்கும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நான் சோற்றுக்காகத்தான் போனேன். மூன்று வேளை மெஸ் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை கோழி. அதைச் சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும் என்பதும், அந்த ஸ்பைக்ஸுக்கு நான் என்ன பதில் சொல்வது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். பெண்கள் விஷயத்தில் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். இக்கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கட்டை அவிழ்க்க முடியுமா என்று பார்க்கத்தான்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘விலைபோனவன்’ என்றால் கட்சி மாறியவன், காட்டிக்கொடுத்தவன். ‘விலைபோனவள்’ என்றால் அதோடு நிற்பதில்லை. விலைமகள் என்ற சொல் அதன் நிழலிலேயே நிற்கிறது. நாடு மாறிய ஆண் வீரர்களைத் திட்டவில்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்டீபன் செரோனோ 2003இல் கத்தாருக்குப் போய் சைஃப் சயீத் ஷாஹீன் ஆனார். அதே ஆண்டு பாரீஸ் உலக சாம்பியன் போட்டியில் கென்யாவைத் தோற்கடித்துத் தங்கம் வென்றார். கென்யாவுக்காக அதே பந்தயத்தில் அவருடைய உடன்பிறந்தவர் ஆபிரகாமும் ஓடினார். கென்யா விட்டுக்கொடுக்காததால் ஷாஹீனால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓட முடியவில்லை. அவருக்கும் வசை கிடைத்தது. ஆனால் அந்த வசை அவர் முடிவைப் பற்றியது, உடம்பைப் பற்றியது அல்ல.

இந்தக் கதையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றுகிறதா? பிறப்பால் ஒரு பக்கம், சோறும் மரியாதையும் கொடுத்தது இன்னொரு பக்கம். களத்தில் எதிரே நிற்பவர்கள் உடன்பிறந்தவர்கள். நம் ஊரில் இதற்குப் பெயர் துரோகம் அல்ல, செஞ்சோற்றுக் கடன். 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தை எப்போது போட்டாலும் என் சித்தப்பா கடைசிக் காட்சியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். குலம் என்ன என்று கேட்டு அவமானப்படுத்திய அவையில், அங்க நாட்டைக் கொடுத்து அவனை ஒருவன் மனிதனாக்கினான். அவனுக்காகக் கர்ணன் தன் இரத்தத்துக்கு எதிராக வில்லெடுக்கிறான். போருக்கு முன் குந்தி வந்து மகனே என்று அழைத்தும் அவன் திரும்பிப் போகவில்லை. அதற்காகத்தான் நாம் அவனை மதிக்கிறோம். கர்ணனுக்கு அழுகிற கண்ணுக்கு ஜெபெட் ஏன் வேறு மாதிரித் தெரிகிறாள்?

அங்க நாடு அளவுக்கு எதுவும் ஜெபெட்டுக்குக் கிடைக்கவில்லை. பஹ்ரைன் போனதற்கு அவள் சொன்ன காரணங்களில் ஒன்று படிப்பு. இன்னொரு காரணத்தை யாரும் சொல்லத் தேவையில்லை. ஒலிம்பிக்கில் ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து மூன்று பேருக்கு மேல் போக முடியாது. கென்யாவில் நான்காவது, ஐந்தாவதாக வருகிறவள் மற்ற நாடுகளில் பலவற்றில் முதலிடம் பிடிப்பாள். ஊரிலேயே இருந்தால் அவள் பெயர் வெளியே தெரியாது. ‘எங்களுக்காக ஓடு’ என்று சொல்கிற நாடு அவளுக்கு வேண்டியதில்லை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

எல்லாரும் ஒரே மாதிரி போனவர்களும் அல்ல. எத்தியோப்பியாவில் செனெபெச் தோலா என்ற பெயரில் பிறந்தவர் அங்கிருந்து வெளியேறி சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் கேட்டார். பின்னர் பஹ்ரைன் குடியுரிமையோடு மரியம் யூசுப் ஜமால் ஆனார். நாடு மாறியபோது பெயரும் மாறியது. இதைப் படித்துவிட்டு மாணவிகள் அதிர்ச்சியடைந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. “உங்க அம்மாவோட இனிஷியல் என்ன?” என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ரேஷன் கார்டில் ஒரு வீட்டிலிருந்து பெயர் நீக்கி, இன்னொரு வீட்டில் சேர்க்கிறார்கள். பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்குப் போ, அவர்கள் சாமியைக் கும்பிடு, அவர்கள் பெயரைக் காப்பாற்று என்று பெண்ணுக்குக் காலங்காலமாகச் சொல்லித்தருகிற சமூகம், ஒருத்தி தானாகவே முடிவெடுத்து வேறு வீட்டுக்குப் போனதும் விசுவாசம் பற்றிப் பாடம் எடுக்கிறது.

பெண்ணின் நாடு வெகுகாலம் அவளுடையதாக இருந்ததே இல்லை. அமெரிக்காவில் 1907இல் வந்த சட்டம், அந்நிய நாட்டவனை மணந்த அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையைப் பறித்தது. அந்நியப் பெண்ணை மணந்த ஆண் அமெரிக்கனாகவே இருந்தான். மணமான பெண்ணின் குடியுரிமை கணவனைச் சார்ந்ததல்ல என்று ஒரு சர்வதேச உடன்படிக்கை வருவதற்கு 1957 ஆயிற்று. நம் 1955 குடியுரிமைச் சட்டம் மட்டும் என்ன? வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு வம்சாவளிக் குடியுரிமை அப்பா இந்தியராக இருந்தால்தான் கிடைக்கும் என்றிருந்தது. அம்மா இந்தியராக இருந்தாலும் போதும் என்று மாற்ற 1992வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டைத் தாய் என்று கும்பிடுகிறோம். பிள்ளைக்கு நாட்டைக் கொடுக்கும் உரிமையைத் தகப்பனிடம் வைத்திருந்தோம்.

பஹ்ரைனில் இன்றைக்கும் நிலைமை அதுதான். அங்கே அந்நியனை மணந்த பெண் தன் குழந்தைக்குத் தன் குடியுரிமையைக் கொடுக்க முடியாது. அப்பா யாரென்று தெரியாதது போன்ற சில சந்தர்ப்பங்கள் மட்டுமே விலக்கு. அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை சட்டப்படி வெளியாள். நைஜீரியாவில் பிறந்த சல்வா ஈத் நாசர் பஹ்ரைனுக்காக ஓடி 2019 தோஹா உலக சாம்பியன் போட்டியில் 400 மீட்டரை 48.14 விநாடியில் வென்றார். அவருடைய அம்மா நைஜீரியர், அப்பா பஹ்ரைன்காரர். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அம்மா பஹ்ரைன்காரியாகவும் அப்பா நைஜீரியராகவும் இருந்திருந்தால், அம்மா வழியில் அவருக்கு எந்த உரிமையும் இருந்திருக்காது. அப்போதும் அதே நாடு அவர் கால்களுக்காகக் குடியுரிமை கொடுத்திருக்கலாம். அது தயவு, உரிமை ஆகாது. 2012இல் எதிர்ப்பாளர்கள் 31 பேரின் குடியுரிமையை ஒரே அறிவிப்பில் பறித்த நாடும் இதுதான். ஓடத் தெரிந்தவளுக்குக் கடவுச்சீட்டு, எதிர்த்துப் பேசியவர்களுக்குக் கடவுச்சீட்டு இல்லை, சொந்த மண்ணின் தாய்க்கு அதைப் பிள்ளைக்குக் கொடுக்கும் உரிமையும் இல்லை. இதில் விலை பேசியது யார்?

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். நாடு மாறிய எல்லாப் பெண்களிடமும் என் மனமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. ஒக்சானா சுசோவித்தினாவைப் பற்றி முதலில் படித்தபோது கண் கலங்கினேன். உஸ்பெகிஸ்தானின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. 2002இல் சின்ன மகனுக்கு இரத்தப் புற்றுநோய். சிகிச்சைக்காக ஜெர்மனிக்குப் போனார். பரிசுப் பணத்துக்காக ஓயாமல் போட்டிகளில் குதித்தார். 2006இல் ஜெர்மன் குடியுரிமை பெற்று, 2008 பெய்ஜிங்கில் 33 வயதில் வால்ட்டில் வெள்ளி வாங்கிக் கொடுத்தார். மகன் பிழைத்தான். அவர் பின்னர் மறுபடி உஸ்பெகிஸ்தானுக்காகவே ஆடினார். டோக்கியோவில் எட்டாவது ஒலிம்பிக், வயது 46. இவரை விலைபோனவள் என்று என் சித்தப்பாகூடச் சொல்ல மாட்டார். ஏன்? அவர் அம்மா. பிள்ளைக்காகச் செய்தார். பெண் தனக்காக அல்லாமல் இன்னொருவருக்காக எதைச் செய்தாலும் அதற்கு மன்னிப்பு உண்டு.

கிமியா அலிசாதே இன்னொரு வகை. 2016இல் டேக்வாண்டோவில் வெண்கலம் வென்று ஈரானுக்கு ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்த முதல் பெண். 2020 ஜனவரியில், ஈரானில் ஒடுக்கப்படும் கோடிக்கணக்கான பெண்களில் தானும் ஒருத்தி என்று எழுதிவிட்டு வெளியேறினார். உடுக்கச் சொன்னதை உடுத்தேன், சொல்லச் சொன்னதைச் சொன்னேன் என்ற பொருளில் அந்த அறிக்கை இருந்தது. டோக்கியோவில் அகதிகள் அணிக்காக ஆடியபோது முதல் சுற்றிலேயே ஈரானின் நாஹித் கியானியைச் சந்தித்து வென்றார். அன்று நான் கைதட்டினேன். 2024இல் அவர் பல்கேரியக் குடியுரிமை பெற்று பாரீசில் பல்கேரியாவுக்கு வெண்கலம் வென்றார். என் கைதட்டலில் சுருதி கொஞ்சம் இறங்கியதைக் கவனித்தேன். அகதியாக இருந்தவரை அவர் என்னுடைய நாயகி. பல்கேரியா என்றதும், ஓ, அப்படியா என்றாகிவிட்டது. அவர் என்ன, காலமெல்லாம் அகதியாகவே இருந்து எனக்கு ஆறுதல் தர வேண்டுமா? அதே பாரீசில் கியானி அவரை வென்று, வெள்ளியோடு ஊர் திரும்பினார். கியானி அங்கேயே இருந்தார் என்பதற்காக அவர் ஒடுக்குமுறைக்குத் துணைபோனார் என்று சொல்வேனா? சொல்ல மாட்டேன். போனவளை நியாயப்படுத்த இருந்தவளைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

ஆக என்னிடமும் ஒரு வரிசை இருந்திருக்கிறது. முதலில் தாய், அடுத்தது பாதிக்கப்பட்டவள், கடைசியில் பிழைக்கப் போனவள். புகழுக்காக, பணத்துக்காக, இங்கே எனக்கு இடமில்லை என்ற எரிச்சலுக்காகப் போனவளுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. ஆணுக்கு இப்படி வரிசை கிடையாது. பிழைக்கப் போனவன் பிழைக்கத் தெரிந்தவன், அவ்வளவுதான். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஆள் போகாத தெரு நம் ஊரில் உண்டா?

போகாமலே மாட்டிக்கொள்வதும் உண்டு. சானியா மிர்சா 2010இல் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரரைத் திருமணம் செய்தபோது, இனி எந்த நாட்டுக்கு ஆடுவார் என்ற கேள்வி எழுந்தது. இந்தியாவுக்குத்தான் என்றார், அப்படியே ஆடினார். இருந்தும் 2014இல் தெலங்கானா அரசு அவரை விளம்பரத் தூதராக்கியபோது, அவர் பாகிஸ்தானின் மருமகள் என்று சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சொன்னார். அவருடைய கணவரை இந்தியாவின் மருமகன் என்று சொல்லி அந்த நாட்டு அணியிலிருந்து யாரும் விலக்கப் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. பிளேட்டோவின் ‘கிரிட்டோ’வில் ஏதென்ஸின் சட்டங்கள் சாக்ரடீஸிடம் பேசுவதாக ஒரு பகுதி வரும். உன்னைப் பிறக்கவைத்து வளர்த்துப் படிக்கவைத்தவர்கள் நாங்கள், எங்களை மீறி ஓடலாமா என்று கேட்கும். எல்லாரும் அந்த இடத்தை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். அதே சட்டங்கள் இன்னொன்றும் சொல்கின்றன: வயது வந்தபின் எங்களைப் பிடிக்காதவன் தன் உடைமைகளோடு எங்கு வேண்டுமானாலும் போகலாம், தடுக்க மாட்டோம். வளர்த்த கடன் என்பது காலில் பூட்டிய சங்கிலி அல்ல என்று அந்தப் பழைய ஊருக்கே தெரிந்திருக்கிறது. (அந்த உரையாடல் ஏதென்ஸ் பெண்களை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல என்பது வேறு விஷயம்.) ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்த மாஸ்டருக்கு நான் கடன்பட்டவள். அது அவருக்கும் எனக்கும் இடையே உள்ள கடன். அவரிடம் போய்ச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். பயத்தில் சொல்லாமல் போனேன், அது தப்பு. ஆனால் அந்தக் கடன் அந்தக் கல்லூரியின் கோப்பை அலமாரிக்கு உரியதல்ல.

‘வயது வந்தபின்’ என்ற சொல்தான் எனக்கு இடறுகிறது. ஜெபெட் பஹ்ரைனுக்குப் போனபோது வயது 16. அந்த வயதில் எடுத்த முடிவை அவள் முடிவு என்று கொண்டாடினால், இந்தக் கட்டுரை முழுக்க நான் சொன்ன சுயமுடிவு என்ற வார்த்தைக்கு அர்த்தமில்லாமல் போகும். ஏஜென்டு, பயிற்சியாளர், கூட்டமைப்பு என்று அவளைச் சுற்றி எத்தனை பெரியவர்கள். ஆப்பிரிக்கத் திறமை மொத்த வியாபாரச் சந்தையாகிவிட்டது என்று ஆப்பிரிக்கத் தரப்பே குரல் எழுப்பியதும், சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு 2017இல் நாடு மாற்றங்களை நிறுத்திவைத்தது. 2018இல் வந்த புது விதிகளின்படி 20 வயதுக்குக் கீழ் மாற முடியாது, மூன்றாண்டு காத்திருக்க வேண்டும், ஒரு முறைதான் மாறலாம். முதல் இரண்டும் நல்ல விதிகள். மூன்றாவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏமாந்து போனவளுக்குத் திரும்பி வர வழி வேண்டாமா?

2018இல் ஜெபெட் ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்டாள். இ.பி.ஓ. நான்காண்டுத் தடை. ரியோவில் அதே நாட்டுக்கு மாரத்தான் வெள்ளி வாங்கிக் கொடுத்த யூனிஸ் கிர்வாவும் பின்னர் அதே மருந்தில் பிடிபட்டார். மருந்து எடுத்தது அவர்கள் குற்றம், அதை மழுப்ப மாட்டேன். ஆனால் பதக்கம் வந்தால் நாட்டுக்கு, பழி வந்தால் ஓடியவளுக்கு என்ற இந்தப் பங்கீடு நமக்குப் பழக்கமானதுதானே.

கென்யாவின் இட்டென் மலையூரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. உலகின் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பயிற்சி எடுக்கும் ஊர். நாடு மாறியவர்களில் பலர் கடவுச்சீட்டில்தான் மாறினார்கள். வாழ்வதும் பயிற்சி எடுப்பதும் இங்கேதான். 2021 செப்டம்பரில் பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் உலக சாதனை படைத்த ஆக்னஸ் டிரோப், அடுத்த மாதமே இட்டெனில் தன் வீட்டில் குத்திக் கொல்லப்பட்டார். வழக்கு கணவர் மீது. ஆறு மாதம் கழித்து அதே ஊரில் டமாரிஸ் முதுவாவின் உடல் கிடைத்தது. அவர் கென்யாவில் பிறந்து பஹ்ரைனுக்காக ஓடியவர். 2024 பாரீஸ் மாரத்தானில் உகாண்டாவுக்காக ஓடிய ரெபெக்கா செப்டெகெய், சில வாரங்களில், கென்யாவில் தான் வாங்கிய நிலத்தில் கட்டிய வீட்டருகே பெட்ரோல் ஊற்றி எரிக்கப்பட்டார். எரித்தவர் அவரோடு வாழ்ந்தவர். நிலத் தகராறு என்றன செய்திகள். மூன்று பெண்கள், மூன்று கொடிகள். இவர்கள் யாருக்காக ஓடினார்கள் என்று எல்லாரும் கணக்கு வைத்திருந்தோம். ஓடிச் சம்பாதித்தது யார் கைக்குப் போனது, நிலப் பத்திரம் யார் பெயரில் இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

போன மாதம் என் துறை மாணவி ஒருத்தி, கபடி ஆடுபவள், கையில் ஒரு படிவத்தோடு வந்தாள். ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. இனி மாநில அணிக்கு ஆட முடியாது, ரயில்வே அணிக்குத்தான் ஆட வேண்டும். தடையில்லாச் சான்றில் துறைத் தலைவர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். உடற்கல்வித் துறையில் கோபமாக இருக்கிறார்கள் என்றாள். “நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தவங்களுக்கு துரோகம் பண்றியான்னு கேக்கறாங்க மேடம்.”

“அவங்ககிட்ட நேரா போய்ச் சொன்னியா?”

“சொன்னேன் மேடம். அழுதுட்டேன்.”

என்னைவிடத் தைரியசாலி. கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்திக்கொண்டே கேட்டேன்: “சம்பளம் எந்த அக்கவுண்ட்ல போடப்போறாங்க?”

“அப்பா அக்கவுண்ட் நம்பர்தான் குடுத்திருக்கேன்.”

மணி இரண்டரைதான் ஆகியிருந்தது. கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கிற வங்கி நாலு மணிவரை திறந்திருக்கும். ஆதார் கையில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். குடையை எடுத்துக்கொண்டு இருவரும் நடந்தோம்.